நாரை வருமுன் வெட்டிய நூல்

“போடமாட்டேன்னா போடமாட்டேன். குப்பையில வீசு அதை, நான்…”

“கையை நீட்டுடி முதல்ல. டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு?”

“டாக்டருக்கென்ன, அவர் கையிலயா கெடந்துச்சு? என் கையில கெடந்துச்சு. கெடந்து என்னத்தக் கிழிச்சுது?”

“நெவேனா, கத்தாதே. கீழ்வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கிட்டு நிப்பா.”

“நிக்கட்டும். அவளுக்கும் பொழுது போகணும்ல.”

செவ்தா அந்த வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோழி சூப் ஏற்கெனவே கொதித்துவிட்டது. இருந்தாலும் கரண்டியை விட்டுக் கிண்டினாள். தங்கையின் முகத்தைப் பார்ப்பதைவிட சூப்பைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

சாதாரண எஃகு வளையம்தான். நடுவில் ஒரு தகடு, அதில் கோலைச் சுற்றிய பாம்பு. தகட்டின் பின்பக்கம் நெவேனாவின் பெயர், ‘சர்க்கரை நோய், இன்சுலின்’ என்ற வரி, அதற்கும் கீழே ஆபத்தென்றால் கூப்பிட வேண்டிய எண். அது செவ்தாவின் எண். கூப்பிட வேண்டியவளோ, தங்கை மயங்கிச் சரிந்த அன்றைக்கு ஆலை விருந்தில் நாலே நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு மணி நேரம்க்கா,” என்றாள் நெவேனா. “ரெண்டு மணி நேரம் கோட்டுக் குவியல் மேல என்னைக் கிடத்தி வச்சிருந்திருக்காளுங்க. குடிச்சுட்டு மட்டையாயிட்டேன்னு சிரிச்சாளுங்களாம். நான் குடிச்சது அரைக் கிளாஸ் ராக்கியா! அதுக்கே மட்டையாக நான் என்ன கோழிக்குஞ்சா?”

“சாப்பாடு வராம நீ ஏன் ஊசியைப் போட்டுக்கிட்ட?”

“தட்டு வர்ற நேரம்னு போட்டேன். உன் மேனேஜர் கார்தாஷெவ் ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்னேஷன் பூ குடுத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு பிரசங்கம் பண்ணுவாருன்னு எனக்குத் தெரியுமா? பெண்கள் தினமாம். பொம்பளைங்களைப் பட்டினி போடுற தினம்.”

செவ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பல்கேரியாவின் ஹாஸ்கோவோ நகரத்தில் மார்ச் முதல் தேதி பிறந்தால் ஒருத்தி கை வெறுமையாக இருக்காது. ஒருத்திக்கொருத்தி சிவப்பும் வெள்ளையுமாய் நூல் கட்டிவிடுவாள். நாரையையோ பூத்த மரத்தையோ கண்ணால் காணும்வரை அதைக் கழற்றக் கூடாது. தையல் ஆலையில் நெவேனாவுக்கு ஏழு பேர் கட்டியிருந்தார்கள். எட்டாந்தேதி காலை, உடை மாற்றும் அறையில், எட்டாவதாகக் கட்டியவள் செவ்தா. கட்டினாள் என்றா சொல்வது? கம்பளி நூலை எடுத்து அந்த வளையத்தையே தகடு தெரியாமல் சுற்றி மூடினாள்.

“பண்டிகையும் அதுவுமா இரும்பு எதுக்குடி தெரியணும்? அழகா இருக்கட்டும்,” என்றாள்.

தங்கை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அட, நல்லாத்தான் இருக்கு,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது செவ்தாவைப் பாடாய்ப் படுத்துகிறது.

அழகாவது, மண்ணாவது. ஆலை கைமாறியபோது தொழிலாளர் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது. தன் வரிசைப் பெண்களின் படிவங்களை மேற்பார்வைக்காரி செவ்தாவே நிரப்பினாள். தங்கையின் தாளில் ‘நீண்ட நாள் நோய் ஏதுமில்லை’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். கார்தாஷெவ் பூவை நீட்டும்போது அந்த மணிக்கட்டைப் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

அவ்வளவுதானா?

மூன்று மணிக்கு நெவேனா நாக்குக் குழறி, வேர்த்துக்கொட்டி, கோட்டு மாட்டும் அறைக்குள் சரிந்தபோது, ‘தூங்கட்டும், பாவம், ஏறிடுச்சு,’ என்று யாரோ சொன்னார்கள். செவ்தா மறுக்கவில்லை. அது ராக்கியாதான் என்று பாதி மனம் நம்பியது. மற்றப் பாதியை, ‘கார்தாஷெவ் கிளம்பட்டும், அப்புறம் பார்க்கலாம்,’ என்று அடக்கிவைத்தாள். நாலரைக்கும் அவர் கிளம்பவில்லை. பக்கத்துத் தையல் மெஷின்காரி கின்கா வந்து, “கை வீங்கிக் கெடக்கு செவ்தா, இந்த நூலையெல்லாம் வெட்டி விட்டுரவா?” என்று கத்தரியோடு நின்றாள்.

ஐந்து மணிக்குக் கின்காவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வந்த பெண் நாரையையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. எட்டு நூலையும் ஒரே வெட்டாக வெட்டி, தகட்டைப் படித்துவிட்டு, “இங்க ஒருத்திக்குமா தெரியல?” என்று கேட்டாள். செவ்தா குனிந்து, கீழே சரிந்த கோட்டுகளைப் பொறுக்கினாள்.

“அக்கா, சூப்பு தீயுது.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “நெவேனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படிவத்துல உனக்கு நோயே இல்லன்னு…”

“எழுதின. தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“எழுதலன்னா என்னை வேலையில வச்சிருப்பாங்களா? அதுக்கா மூணு நாளா மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டிருக்க? எனக்காகத்தானேக்கா எழுதின.”

“ம்.”

இன்னொரு பொய் எழுத அந்த ஒரு எழுத்தே போதுமாயிருந்தது. அவள் மன்னித்தது சின்னதை. பெரியது அப்படியே நெஞ்சில் கிடந்தது. இப்போதே சொல்லிவிடு என்று செவ்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால் தங்கை வீட்டுக் கதவு தனக்கு நாளைக்கும் திறக்குமா? சொல்லாவிட்டால் இந்தப் பைத்தியக்காரி வளையம் இல்லாமலே தெருவில் இறங்குவாள். அடுத்த தடவை எந்தக் கின்காவும் பக்கத்தில் இருக்கமாட்டாள்.

“போட்டுக்கோடி,” என்றாள் கெஞ்சலாக. “வளையம் மேல தப்பில்ல. அது மூடிக் கெடந்துச்சு, அதான். இனி யாரும் அது மேல ஒரு நூல்கூடச் சுத்த விடாதே. நான் சுத்தினாலும் விடாதே.”

நெவேனா ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பையைக் கவிழ்த்தாள். வெட்டுப்பட்ட சிவப்பு வெள்ளைத் துண்டுகள் மேசையில் விழுந்தன. ஒவ்வொன்றாக ஒதுக்கி, செவ்தா சுற்றிய கம்பளி நூலை மட்டும் எடுத்து விரலில் சுற்றினாள். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. வருஷாவருஷம் யார் கட்டினாலும் இரண்டாந்தேதியே, ‘நாரையா வந்து எனக்குச் சம்பளம் தரப்போகுது?’ என்று சொல்லி மெஷின் கத்தரியால் வெட்டி எறிகிற கை அது.

“காலையில கின்கா வந்திருந்தா,” என்றாள் நெவேனா. குரலில் இப்போது கோபமே இல்லை. “அவ அப்பவே வெட்ட வந்தாளாம். நாரையைப் பாக்காம வெட்டுனா தங்கச்சிக்கு ஆகாதுன்னு நீ கத்தரியைப் புடுங்கிட்டியாம். நீ என்னைக்குக்கா நாரையை நம்புன?”