மூன்றாவது ஆளுக்கும் ஒரு பொட்டலம்

மசாகாவில் வாழைக்காய் விலை ஏறிய அதே வாரத்தில், நமுத்தேபியின் போனுக்குள் ஓர் ஆள் குடியேறினான். அரசாங்கம் அனுப்பிய ஆள். ஊரில் யார் போனை எடுத்தாலும் காதோரம் யாரோ மூச்சுவிட்டார்கள். வந்த மெயில்களில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. முதலில் பயந்தார்கள், பிறகு பழகிப்போனது. நமுத்தேபியின் ஆளுக்கு ஓயாத இருமல். சாப்பாட்டு வேளையில் அவன் வயிறு இரைவது போனில் கேட்கும். பசித்தவனை வைத்துக்கொண்டு சாப்பிட அவளுக்கு மனசு வராது. வாழைக்காயை அவித்து மசித்து, நிலக்கடலைக் குழம்பு ஊற்றி, இலையில் கட்டிப் போன் பக்கத்தில் வைப்பாள். சற்று நேரத்தில் வெறும் இலை கிடக்கும்.

அவள் மகன் முத்யாபா ரேடியோவில் ஆட்சியைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுத் தலைமறைவானவன். போன் பண்ணாதே என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே? ஒரு சாயங்காலம் கூப்பிட்டான். நலம் விசாரித்து முடிக்காமல் போனை வைப்பது அங்கே முகத்தில் துப்புவது மாதிரி. உடம்பு, வீடு, அக்கம்பக்கம் என்று விசாரிப்பு நீண்டது. வெறும் "ம்ம்" போட்டுச் சமாளித்தவள் கடைசியில் வாயைவிட்டாள்.

"என்னடா சாப்ட்ட?"

"என்னத்தம்மா, தெனம் மீனுதான். மூஞ்சி கழுவுனாக்கூட மீன் நாத்தம்."

போனுக்குள் இருமல் நின்றது. மறுநாள் ஏரித் தீவில் மகனைப் பிடித்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்திலும் சொல்லவில்லை. பாழாய்ப்போன பெற்றவள் வாய்!

அவள் போனிடமே கெஞ்சினாள். "ஏம்ப்பா, எம்புள்ளைக்கும் ஒரு வாய் குடுப்பியா?"

"பாக்குறேம்மா," என்றான் உள்ளேயிருந்தவன்.

அன்றிலிருந்து இரண்டு பொட்டலம். இரண்டு இலையும் காலியாகத் திரும்பின. மழைக்காலம் முழுக்க அவள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவள் புருஷனுடையது காளான் குலம். அந்தக் குலத்தில் பிறந்தவன் பட்டினியில் செத்தாலும் குலச்சின்னமான காளானைத் தொடமாட்டான். அந்த வீட்டுக்குள் அதுவரை நுழையாத காளானை வாங்கிவந்து, மகன் பொட்டலத்தில் மட்டும் கைநிறைய வைத்துக் கட்டினாள். காளான் மிஞ்சி வரட்டும், இலையோடு அப்படியே திரும்பி வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு இலையும் வழித்து நக்கியதுபோல் கிடந்தன.

"காளான் நல்லா இருந்துச்சும்மா," என்றான் அவன்.

அவள் ஓவென்று அழுதாள். வேலைப்படி அதையும் அவன் கேட்டுக்கொண்டான். மறுநாளும் இரண்டு பொட்டலம் கட்டினாள். மகனுடையதில் மட்டும் காளான் வைக்கவில்லை.