இடப்பக்கத்து ஸ்டெப்னி

கார் விற்பனை விளம்பரத்தில் "அசல் பாடி" என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த முதல் கோபம்.

கார் என் மாமனார் வாங்கியது. யாரோ பெரிய பணக்காரர் வைத்திருந்த பழங்காலத்துச் சொகுசுக் கார். மாமனார் கைக்கு வந்தபோது மிஞ்சியிருந்தது சேசிஸ் என்கிற அடிச்சட்டமும் இன்ஜினும்தான். மேலே இருந்த மரச்சட்டப் பாடியைக் கரையான் தின்று முடித்திருந்தது. அந்தக் காலத்தில் கம்பெனி சேசிஸை மட்டும்தான் விற்கும். வாங்குகிறவர் அதைப் பட்டறையில் விட்டு, தன் உடம்புக்கு ஏற்றபடி பாடி கட்டிக்கொள்வார். என் வீட்டுக்காரர் அதைத் தன் கையாலேயே கட்டினார். மரத்தை இழைத்துச் சட்டம் பூட்டி, அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தார். பின்சீட்டுக்கு என்னைப் பலகையில் உட்காரவைத்து, முதுகின் வளைவைப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார். தோல் மெத்தையை நான் தைத்தேன்.

அவருக்கு வழிகாட்டியாக இருந்தது காரோடு வந்த ஒரே ஒரு புகைப்படம். காரின் ஒரு பக்கமும், அருகே கோட்டு போட்டு நிற்கும் பழைய சொந்தக்காரரும் அதில் இருந்தார்கள். முன் மட்கார்டில் ஒரு பள்ளம், அதில் ஸ்டெப்னி சக்கரம். அதைப் பார்த்துத்தான் இடப்பக்க மட்கார்டை அடித்தார். பெயின்ட் காய்ந்த பிறகு ஒருநாள் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இந்தாளு கோட்டுல மேல்பை வலப்பக்கம் இருக்கே?"

அவர் வந்து பார்த்தார். கோட்டின் மேல்பை எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். ஃபிலிமைத் திருப்பி வைத்துப் பிரின்ட் போட்டிருக்கிறார்கள். ஸ்டெப்னி உண்மையில் நின்றது வலப்பக்கம்.

"அடிப்பாவி, மட்கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சிரித்தார். "விடு. நம்ம வண்டி கண்ணாடியில தெரியிற வண்டி."

மாற்றவே இல்லை.

அவர் போனதும் அவருடைய அண்ணன், என் மூத்தார், வந்தார். காரை விற்கப்போவதாகச் சொன்னார். என் பங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் அவரே சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் ஆரம்பித்துவிட்டார்.

"காருன்னா சேசிஸும் இன்ஜினும்தான். அது எங்கப்பா சொத்து. மேல இருக்கறது வெறும் மரமும் தகரமும். அதுல உனக்கு என்னம்மா பங்கு?"

விளம்பரமும் அவர்தான் கொடுத்தார்.

வாங்க வந்தவர் உயரமான மனிதர், கோட்டு போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில், மூத்தார் அந்தப் புகைப்படத்தைச் சட்டத்தோடு பானெட் மேல் நிறுத்திவைத்திருந்தார்.

"பாருங்க சார், அச்சு அசல். ஸ்டெப்னி கூட அதே பக்கம். அந்தக் காலத்துப் பட்டறையிலேருந்து வந்த பாடி."

"உங்க தம்பி இதுல வேலை பார்த்தாருன்னாங்களே, என்ன பண்ணினாரு?"

"அவனா? சும்மா தொடச்சு பாலிஷ் போட்டான். அவனுக்கு வேற என்ன தெரியும்?"

டீத் தம்ளர்களை வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றேன்.

"சார், படத்துல இருக்கறவரு கோட்டைப் பாருங்க. அப்புறம் உங்க கோட்டைப் பாருங்க."

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். தன் இடது மார்பைத் தொட்டுக்கொண்டார். பிறகு சுற்றிப்போய் ஸ்டெப்னியைப் பார்த்தார்.

"படம் திரும்பியிருக்கு. அசல் பாடின்னா ஸ்டெப்னி அந்தப் பக்கம் இருந்திருக்கணும்," என்றார்.

"இது முழுக்க என் வீட்டுக்காரர் கட்டினது."

"உள்ள போ நீ!" மூத்தாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "சார், புருஷன் போன துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கு."

"புத்தி நல்லாத்தான் இருக்கு, பெரியத்தான். உங்களுக்கு இடம் வலம் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

வந்தவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். "வேலை மோசமில்லம்மா. ஆனா எனக்கு இது வேண்டாம். சேசிஸ், இன்ஜின் மட்டும் எடுத்துக்கறேன். சரியான பாடி நான் கட்டிக்குவேன். இதைக் கழட்டி உடைச்சுப் போட்டுடுவாங்க."

நான் இதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் மூத்தார் வாய் திறப்பதற்குள் பேசிவிட்டேன்.

"உடைக்க வேண்டாம். பாடியை இங்கயே இறக்கி வச்சிடுங்க. உங்கப்பா சொத்து சேசிஸும் இன்ஜினும்தான்னு நீங்களே சொன்னீங்க, பெரியத்தான். ஊரே கேட்டுச்சு."

போல்ட்டுகளைக் கழற்றி, ஆட்கள் பாடியைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்தார்கள். மட்கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சேசிஸ் எலும்புக்கூடு மாதிரி லாரியில் ஏறிப் போனது.

லாரி போன பிறகும் மூத்தார் போகவில்லை.

"வண்டி விலையைப் பாதியாக்கிட்டியேடி! இனிமே இந்தக் குடும்பத்துல உனக்கு ஒரு வாசலும் கிடையாது. இந்த டப்பாவை வச்சு என்ன பண்ணப்போற? கோழி அடைக்கப்போறியா?"

நான் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முதுகு அதன் இடத்தைக் கண்டுபிடித்தது. மூத்தார் ஜன்னல் பக்கம் வந்து விரலை நீட்டினார். கண்ணாடியை ஏற்ற அந்தக் காலத்து முறைப்படி ஒரு தோல்வார் உண்டு, நான் தைத்ததுதான். அதை இழுத்துக் கண்ணாடியை மேலேற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.