உள்பக்கத் தையல்

சட்டைக்கு அளவெடுக்கக் கண்ணாயிரத்தின் வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்தபோதுதான் ஜோதியம்மாளுக்கு அது தெரிந்தது. டேப் துடித்தது. மூச்சை அடக்கச் சொன்னாள், அப்போதும் துடித்தது. தொப்புளுக்கு மேலே, தோலுக்கு அடியில், ஏதோ ஒன்று டேப்பைத் தள்ளித் தள்ளி விட்டது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள், எத்தனையோ பேரை அளந்தவள், கட்டிய புருஷனின் அளவைப் பார்க்க மறந்து நின்றாள்.

வேன் ஓட்டும் கண்ணாயிரத்துக்கோ அது வெறும் வாயு. அவருக்கு எல்லாமே வாயுதான்; காலில் முள் குத்தினாலும் வாயு என்பார். ஜோதியம்மாள் விடாமல் ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். படத்தைப் பார்த்தவர்கள் அவரை நேரே சென்னைக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் சைலஜா விளக்கினார். இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு உப்பியிருக்கிறது. வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதே கஷ்டம். வயிற்றைத் திறந்து சரிசெய்யலாமென்றால் பீடி தின்ற நுரையீரல் தாங்காது. தொடை வழியாக ஒரு துணிக்குழாயை அனுப்பி, உப்பிய இடத்துக்குள் விரித்து விடலாம். ஆனால் உப்பல் சிறுநீரகங்களுக்குப் போகும் கிளைகளை ஒட்டியே ஆரம்பிக்கிறது; சாதாரணக் குழாய் அவற்றை அடைத்துவிடும். அதனால் கிளைகளுக்கு நேராக ஓட்டை விட்டு, இவர் அளவுக்கென்றே வெளிநாட்டில் தைத்து வரவேண்டும். அதற்கு இரண்டு மாதம். பலர் நன்றாக இருக்கிறார்கள், சிலருக்குச் சிறுநீரகம் கெடுவதுண்டு, சிலருக்குக் கசிவதுண்டு, ஆயுள் முழுக்க வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கண்ணாயிரம் எழுந்துவிட்டார். "வேலில போற ஓணானப் புடிச்சி வேட்டிக்குள்ள வுட்டுக்கற கதையா இருக்குது. நான் மலைய சுத்திட்டு அண்ணாமலையார் மேல பாரத்தப் போட்டுர்றேன்."

ஜோதியம்மாள் எழவில்லை. அந்தத் துணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள்.

டாக்டர் மேசை டிராயரிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் கொடுத்தார். கடைக்கு வருகிறவர்கள் சட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். தையல்காரி பார்ப்பது உள்பக்கத்தை. ஏமாற்று வேலையெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜோதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே விரலை விட்டுத் தடவினாள். வெள்ளைத் துணி, அதில் வளைந்து வளைந்து ஓடும் கம்பி. ஓட்டையைச் சுற்றி ஒரு சின்னக் கம்பி வளையம், அதைப் பிடித்து இழையிழையாகத் தையல். எங்கேயும் நூல் பிசிறு இல்லை. உள்ளேயும் இல்லை.

"காஜா எடுத்துக்கீறாங்க," என்றாள் மெல்ல. "மிஷின்லயா?"

"இல்லம்மா, கையாலதான். அந்த ஓட்டை வழியா ஒரு சின்னக் குழாய விட்டு, சிறுநீரகத்துக்குப் போற கிளையோட மாட்டுவோம்."

"பித்தான் மாதிரி."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

ஜோதியம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும் இப்படித் தச்சிக்கீறாங்க. இந்தக் கைய நம்பலாம். உக்காருங்க."

உட்கார்ந்தார்.

அந்த இரண்டு மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்துபோனது. ஊரே மலையைச் சுற்ற, கண்ணாயிரம் பீடியையும் வேனையும் விட்டுவிட்டு வீட்டில் கிடந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது என்பார்களே, அவள் இருந்தது அப்படித்தான். தினம் காலையில் அவர் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். துடித்தால் பயம், ஒரு கணம் துடிப்பு கைக்கு அகப்படாவிட்டால் அதைவிடப் பயம். மிஷினில் உட்கார்ந்தால், கடலுக்கு அப்பால் தன் புருஷனின் அளவுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பவளின் நினைவுதான். அவளும் கண்ணாடி போட்டிருப்பாளோ? அவளுக்கும் கழுத்து வலிக்குமோ? அவர் சட்டைக்கு எடுத்து வைத்த காக்கித் துணியை மட்டும் ஜோதியம்மாள் வெட்டவில்லை. துடிப்பு அடங்கட்டும், அப்புறம்தான் கத்தரி என்று மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். இரண்டு தொடையிலும் சிறு துளைகள், அவ்வளவுதான், சிறுநீரகங்கள் பிழைத்தன. மூன்றாம் மாத ஸ்கேனில் இடது பக்கம் மாட்டிய இடத்தில் கசிவு தெரிந்தது. உப்பல் குறையவே இல்லை.

"உன் காஜா லட்சணத்தப் பாத்தியா?" என்றார் கண்ணாயிரம். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"காஜால குத்தமில்லீங்க. பித்தான் சரியா உக்காரல. ஆல்ட்ரேஷன் இல்லாத சட்ட எங்க கீது?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று பஸ்ஸில் திருவண்ணாமலை வரும்வரை அவர் கையை விடவில்லை. அடுத்த வாரமே டாக்டர் அந்த இடத்தில் இன்னொரு சின்னக் குழாயை வைத்துக் கசிவை அடைத்தார்.

வருடம் திரும்பியதும் மறுபடி ஸ்கேன். திரையில் கண்ணாயிரத்தின் உள்பக்கம் மெதுவாகச் சுழன்றது. கம்பி வளைவுகள், கிளைகளுக்கு நேராக அந்த இரண்டு காஜாக்கள், அவற்றின் வழியே சிறுநீரகங்களுக்கு ஓடும் ரத்தம். ஏழு சென்டிமீட்டர் உப்பல் ஆறாகக் குறைந்திருந்தது. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மலைமேல் தீபம் ஏறும்போது கூடுவதுபோல ஜோதியம்மாளின் கைகள் தானாகக் கூடின. முகம் தெரியாத அந்தத் தையல்காரியைத்தான் கும்பிட்டாள்.

ஊர் திரும்பியதும் கடையைத் திறந்து, அவரை நிற்க வைத்து, வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். காத்திருந்தாள். டேப் அசையவில்லை. சட்டென்று பயந்து இன்னொரு கையை அவர் நெஞ்சில் வைத்தாள். அங்கே அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா, அளவு எவ்ளோ?" என்றார் கண்ணாயிரம்.

அளவை அவள் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி டேப்பைப் பிடித்தாள். முப்பத்தாறு. காக்கித் துணியை மேசையில் விரித்துக் கத்தரியை எடுத்தாள்.