வீட்டுக்குப் போகாத புத்தகங்கள்

வார்டில் சாப்பாட்டைக்கூட மறந்து படித்தவர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றதும் புத்தகத்தைத் தலையணைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கட்டணம் கிடையாது, அபராதம் கிடையாது. பிறகு ஏன்? நூலகர் கனிமொழிக்கு விளங்கவில்லை.

தஞ்சாவூரில் உள்ள அந்த மருத்துவமனையில் முதலில் டாக்டர்களின் தடித்த புத்தகங்களுக்கு மட்டுமே ஓர் அலமாரி இருந்தது. நோயாளிகள் படித்து முடித்து, அடுத்த கட்டில்காரருக்கு விட்டுப்போன நாவல்களை நர்சுகள் பக்கத்தில் அடுக்க அடுக்க, இன்னோர் அலமாரி நிறைந்தது. அன்று பித்தப்பையை எடுத்தால் வாரக்கணக்கில் படுக்கை. நாவல் நிதானமாக முடியும். இன்று சிறு துளை போட்டு எடுத்து, ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். உடம்புக்கு நல்லது. கதைதான் பாதியில் நிற்கிறது. வெளியே இரவல் போகாவிட்டால் நோயாளிகள் அலமாரியை எடுத்துவிட்டு நாற்காலி போட்டுவிடலாம் என்று நிர்வாகி செழியன் சொல்லியிருந்தார். கனிமொழிக்கு அது தாங்காது.

பூதலூரிலிருந்து வந்திருந்த நோயாளி அம்சம் டிஸ்சார்ஜ் ஆனபோது, அவர் படித்த நாவலில் மருமகள் வீட்டுப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. முடிச்சிட்டு வந்து குடுங்க," என்று கையெழுத்துக்கு இரவல் நோட்டை நீட்டினாள் கனிமொழி.

அம்சம் தயங்கி, வேண்டாம் என்றார். கனிமொழி விடாமல் காரணம் கேட்க, கணவர் செல்லதுரை மாத்திரைப் பையை முடிந்துகொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரிய விட்டுக் கெளம்புறப்ப போயிட்டு வரேன்னுகூட சொல்ல மாட்டோம். நீங்க வந்து குடுக்குறேன்னு கையெழுத்தே கேக்குறீங்களேம்மா."

"பத்திரம் கெடைச்சுதா, அத மட்டும் சொல்லிருங்க," என்றார் அம்சம்.

கனிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்சுகள்கூடப் "பாத்துப் போங்க" என்றுதானே வழியனுப்புகிறார்கள்! தையல் பிரிக்க வருவது டாக்டர் சொல்லி வருவது. தானாக வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது வேறு. அந்த வாக்கைத்தான் அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்ப வேண்டியது புத்தகம்தான், ஆள் இல்லை. பூதலூரிலிருந்து தினமும் இங்கே வருவது என்ன என்று யோசித்தாள். அந்த ஊர்ப் பால் சொசைட்டியிலிருந்து கேன்டீனுக்குப் பால் வருகிறது. செல்லதுரையிடம் விசாரித்தாள், அவரும் அதே சொசைட்டியில்தான் பால் ஊற்றுகிறார். அங்கேயே கொடுத்தால் போதும் என்றதும் அம்சம் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

சில நாளில் அது பால் கேன்களுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் வந்து இறங்கியது. கூடவே, அடுத்த புத்தகம் கேட்டு ஒரு சீட்டு. செழியன் அதைப் படித்துவிட்டு, அலமாரி இருக்கட்டும் என்றார்.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: படித்த புத்தகத்தை ஊர் பால் சொசைட்டியில் கொடுக்க வேண்டும். பால் வண்டி அதைக் கேன்டீனில் இறக்கும், கனிமொழி போய் எடுத்துக்கொள்வாள். வாசகர் வர வேண்டியதில்லை.