ஸ்டானியின் கருவிப் பை

ஸ்டானிஸ்லாஸ் பயணத்துக்குப் பை கட்டும் மாலைகளில் கூடத்தில் யாரும் நடமாடக் கூடாது. பழைய போர்வையை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பிவிடுவார். ட்யூப், டயர் நெம்பி, கைப்பம்பு, ஆலன் சாவிகள், செயின் இணைப்பு, பிரேக் பேட், பம்பின் தண்டில் சுற்றி வைத்த ஒட்டுத்துணி. முதலில் தேவைப்படுவது பையின் மேலே, தேவைப்படவே கூடாது என்று வேண்டிக்கொள்வது அடியில். மகள் மைசூரிலிருந்து வேலைக்கு பெங்களூர் போன பிறகு அவரும் மனைவி ஷெர்லியும் மலைப்பாதை சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். அவருடைய ஆபீஸ் நண்பன் பரத்தும், கொள்ளேகாலத்துக்காரனான சிவகுமாரும் சேர்ந்துகொண்டார்கள். நால்வருக்கும் கருவிப் பை ஒன்றுதான். அதைச் சுமப்பவர் ஸ்டானி.

இந்த முறை மாதேஸ்வரன் மலை ஏறி, மறுநாள் பாலாறு பக்கம் இறங்கி, காவேரிக் கரையில் இருக்கும் கோபிநத்தம் போவதாகத் திட்டம்.

ஷெர்லி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள். செயின் இணைப்பை ஒரு சின்ன டப்பாவுக்குள் போடப் பார்த்தார். அது விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

"என்ன சாமானோ, எண்ணெய் வழுக்குது" என்றார்.

அதில் எண்ணெயே இல்லை. ஷெர்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், மடியில் சும்மா கிடக்கும்போதுகூட எதையோ உருட்டுவதுபோல அசைவதை அவள் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கும்போது அந்தக் கை வீசுவதில்லை. டாக்டரிடம் போகலாமா என்று ஒருமுறை கேட்டபோது, "கம்ப்யூட்டர்ல தட்டித் தட்டி வந்த வலி" என்று தள்ளிப் போட்டுவிட்டார். அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இந்தப் பயணத்தை அவர் மழைக்காலம் முழுக்கப் பேசித் தீர்த்திருந்தார். போய்விட்டு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

கொள்ளேகாலத்தில் சிவகுமார் வீட்டில் ஜீப்பை விட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார்கள். முதல் நாள் ஏற்றம் நன்றாகவே போனது. மலைமேல் லாட்ஜில் தங்கி, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இரவு பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. பாலாறு இறக்கத்தின் வளைவுகளில் சிவகுமாரின் பின்சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு ராவுகிற சத்தம் கேட்டது.

அவன் ஓரமாக நிறுத்தினான். "பேட் தேஞ்சு போச்சுங்ண்ணா. புடிக்கவே மாட்டேங்குது."

"இதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று ஸ்டானி உற்சாகமாகப் பையை இறக்கினார்.

சக்கரத்தைக் கழற்றினார். பேடுகளைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன ஊசியை உருவிப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, தேய்ந்த பேடுகளை வெளியே எடுத்தார். புதியவற்றை நடுவில் ஸ்பிரிங் தகட்டோடு சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அவருக்கு. தகடு நழுவியது. சேர்த்துப் பிடித்தார், விரல்கள் துடித்தன, பேடுகள் பிரிந்து விழுந்தன. திரும்பத் திரும்ப அதேதான். பரத் தண்ணீர் குடிக்கிற பாவனையில் பள்ளத்தாக்கைப் பார்த்தான். சிவகுமார் தன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

ஒருவழியாகப் பேடுகள் உள்ளே போய் உட்கார்ந்தன. ஊசியைத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். அது துளையைச் சுற்றிச் சுற்றித் தட்டியது. ஷெர்லியால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு!" என்று உதறினார்.

ஊசி தெறித்தது. ஒரு மின்னல் மின்னியதுபோல இருந்தது, அவ்வளவுதான். சாலையோரச் சரிவில் உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடந்தது. நால்வரும் முட்டி போட்டுத் தேடினார்கள். முள் கிழித்ததுதான் மிச்சம்.

"ஏதாவது கம்பிய வளச்சு மாட்டிடலாம் குரு" என்றான் பரத்.

"பேடா, வேணாம். இந்த இறக்கத்துல கம்பிய நம்பி ஒருத்தன அனுப்ப முடியாது." ஸ்டானி எழுந்து நின்றார். "சிவா, தள்ளிட்டுத்தான் வரணும். நானும் உன்கூட நடக்கறேன்."

"அய்யோ, நீங்க ஏனுங்ண்ணா நடக்கோணும்? நீங்க ஓட்டிட்டுப் போங்க, நான் மெதுவா வந்துக்கறேன்."

ஸ்டானி கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள். பரத்தும் சிவகுமாரும் வேண்டுமென்றே முன்னால் போய்விட்டார்கள். நெடுநேரம் சக்கரங்களின் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்குத் தெரியும்தானே?" என்றார் ஸ்டானி, சாலையைப் பார்த்தபடி.

ஷெர்லி பொய் சொல்லவில்லை. "சந்தேகம் இருந்துச்சு."

"எப்போலேருந்து?"

"ஈஸ்டர் பூசையில மெழுகுவத்தி பிடிச்சிட்டு நின்னீங்களே. உங்க சுடர் மட்டும் ஆடிட்டே இருந்துச்சு. கோயிலுக்குள்ள காத்தே இல்ல."

அவர் நின்றார். "அப்போலேருந்து சொல்லாம இருந்தியா?"

"இந்த ஒரு ட்ரிப் போயிட்டு வந்துடட்டும்னு நினச்சேங்க. இதத்தான் நீங்க பேசிட்டே இருந்தீங்க..."

"ஷெர்லி, அவன் உயிரு என் கையில இருந்துச்சு." கத்தவில்லை. தணிந்த குரலில் சொன்னதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "நான் அரைகுறையா மாட்டி, அது சரியா இருக்குன்னு நம்பி அவனும் இறங்கியிருந்தா? என் கை சரியில்லன்னு தெரிஞ்சா பையப் பரத்துகிட்ட குடுத்திருப்பேனே. எனக்குப் பெரிய வருத்தமா இருந்திருக்கும். அவ்வளவுதானே?"

அவர் சொன்னது சரி. அவருடைய சந்தோஷத்தை சில மாதங்கள் நீட்டித்துக் கொடுப்பதாக நினைத்திருந்தாள். அதற்கு விலையாக யாரை வைத்தோம் என்று அதுவரை யோசிக்கவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். "பேர் என்ன அதுக்கு?"

"டாக்டர் பாத்து சொல்லட்டும்."

"நீ சொல்லு."

"நடுக்கவாதம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவளிடம் நீட்டினார். நடுங்குகிற கை. அவள் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை உதறவில்லை.

மைசூர் திரும்பியதும் டாக்டரும் அதே பேரைத்தான் சொன்னார். மாத்திரைகள் தொடங்கின. நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் வளைவில் திரும்பும்போது உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று, இரண்டொரு முறை தெருவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, அவராகவே சைக்கிளைச் சுவரில் மாட்டினார். சட்டைப் பித்தான் போட நேரமானது. அதற்குக்கூட அவளை விடவில்லை. அவள் டூட்டிக்குத் தயாராகி வாசலில் காத்து நிற்பாள்.

மாசி மாதம் பரத் போன் செய்தான். கோபிநத்தம் அந்தமுறை போக முடியாமலே போனதே, போகலாமா என்றான். ஷெர்லி வரவில்லை என்றாள்.

"போ" என்றார் ஸ்டானி. "நீ வீட்டுல உக்காந்து என்னையே பாத்துட்டிருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

கோபிநத்தத்துக்கு முந்தின மண்பாதையில் அவளுடைய முன்சக்கரம் காற்றிறங்கியது. பரத் ஓடி வந்தான்.

"வேணாம், நானே பாத்துக்கறேன்" என்றாள்.

டயரை நெம்பி எடுத்தாள். ட்யூபை உருவினாள். டயரின் உட்புறத்தை விரல் நுனியால் சுற்றித் தடவிக்கொண்டே வந்தபோது முள் தட்டுப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு முனை. நகத்தால் பிடித்து நேராக இழுத்தாள். வந்துவிட்டது.

அவள் விரல்கள் அப்படியே அசையாமல் அதைப் பிடித்திருந்தன. கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பாதையோரத்தில் உட்கார்ந்து, டயரை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். பரத் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். சிவகுமார்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அழுவுங்கக்கா" என்றான்.

கிராமத்துக்குள் நுழைந்ததும் டீக்கடை பெஞ்சிலிருந்து ஸ்டானிக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்.

"சேந்துட்டீங்களா? ஆறு தெரியுதா?"

"தெரியுது. தண்ணி நல்லா இருக்கு."

"பஞ்சர் ஏதாவது?"

"ஒண்ணு. நான்தான் போட்டேன்."

அவருக்குப் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆத்தக் காட்டேன்" என்றார்.

அவள் வீடியோவைப் போட்டு, போனைக் காவேரியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவர் போதும் என்று சொல்லவில்லை. டீ ஆறிப்போகும்வரை அவளும் கையை இறக்கவில்லை.