பச்சை ஒயர்

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் வருவதாக எழுதியிருந்த ராமசுப்பிரமணியன் வரவில்லை. பினாங்கிலிருந்து அவனுக்குப் பதிலாக ஒரு ரெப்ரிஜிரேட்டர் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, லாரியில் மல்லாந்து படுத்தபடி ராயவரம் வந்து சேர்ந்த அதை இறக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. கூடவே ஒரு கடிதம். கடையை விட்டு இப்போதைக்கு நகர முடியவில்லை, வெயில் காலத்துக்கு இது உதவும், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தான். அவன் மனைவி தனலட்சுமி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பெட்டியோடு வந்திருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அதிலாவது உருப்படியான விஷயம் இருக்கும் என்று தோன்றியது.

அந்தப் பெரிய வீட்டில் அப்போது இருந்தது மூன்றே பேர். தனலட்சுமி, அவள் மாமனார் அடைக்கப்பச் செட்டியார், வேலைகளைப் பார்த்துக்கொண்ட பொன்னுத்தாய். செட்டியார் பர்மாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வீட்டுக்குள்ளேயும் கட்டை மிதியடி போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பார். அவர் வீட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பெட்டி வந்த அன்று சத்தம் அதைச் சுற்றியே கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கே வைப்பது என்பதில் முதல் தகராறு. அடுப்படிக்குப் பக்கத்து நடையில் வைக்கலாம் என்றாள் தனலட்சுமி. பினாங்கிலிருந்து வந்த சாமானை அடுப்படியில் ஒளித்து வைப்பதற்கு அது என்ன திருட்டுப் பொருளா என்று செட்டியார் கேட்டார். ஆகவே அது முகப்பில், மூன்று தலைமுறைப் படங்களுக்குக் கீழே, வருகிறவர்கள் முதலில் பார்க்கும்படி நிறுத்தப்பட்டது. சுவரோடு ஒட்டி வைத்தால்தான் லட்சணம் என்று அவர் தள்ளினார். பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும், ஒரு சாண் இடைவெளி விடவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாகச் சொல்லி அவள் இழுத்தாள். காலையில் அவள் இழுப்பதும் சாயங்காலம் அவர் தள்ளுவதுமாக இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கரண்டு இணைப்புக் கொடுக்கத் திருமயத்திலிருந்து வயர்மேன் நாகராசு வந்தான். பெட்டியின் ஒயர் முனையில் மூன்று கால் வைத்த பிளக் இருந்தது. வீட்டுச் சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. நாகராசு ரொம்ப யோசிக்கவில்லை. பிளக்கை வெட்டி எறிந்தான். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இரண்டு கால் பிளக்கில் சேர்த்து முறுக்கினான். மிச்சமிருந்த பச்சை ஒயரைக் குட்டையாக நறுக்கி, துணி நாடாவைச் சுற்றிவிட்டான். அது எதற்கு இருக்கிறது என்று தனலட்சுமி கேட்டாள்.

"அது உபரிங்க ஆச்சி. வெள்ளைக்காரன் எதுலயும் ஒண்ணு கூடுதலாத்தான் வைப்பான்."

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு நல்ல நேரம். படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி நிற்கவிட்ட பிறகே ஓடவிட வேண்டும், உள்ளே இருக்கிற எண்ணெய் கீழே இறங்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. கப்பலில் இத்தனை நாள் சும்மாதானே கிடந்தது, இன்னும் என்ன ஓய்வு என்று செட்டியார் கேட்டார். தனலட்சுமி அவருக்குத் தெரியாமல் போய் மெயின் பலகையிலிருந்து பீஸ் கட்டையை உருவி, கடுகு டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பதினொன்றரைக்குச் செட்டியார் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஸ்விட்சைத் தட்டினார். பெட்டி அவரைப் பார்த்தபடி நின்றது. அவர் முதலில் மின்சார இலாகாவைத் திட்டினார், அப்புறம் பஞ்சாங்கம் கணித்தவரை, கடைசியில் தன் மகனை. மறுநாள் மத்தியானம் பீஸ் கட்டை திரும்பப் போனது, பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. முந்தின நாள் நட்சத்திரம் சரியில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

முதல் பத்து நாள் அமர்க்களம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஐஸ் தண்ணீர் கொடுத்தார். தெருவில் பாதிப் பேர் சளி பிடித்துத் திரிந்தார்கள். மூக்குப்பொடி மட்டையை உள்ளே வைத்தார். கட்டும்போது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று வேட்டியை மடித்துத் தயிர்ச் சட்டிக்கு மேலே வைத்தார். தனலட்சுமி அதை எடுத்து வெளியே போட, அவர் மறுபடி வைக்க, வீட்டுத் தயிரில் பொடி வாசனை அடித்தது.

பதினோராவது நாள் பொன்னுத்தாய் வந்து, முகப்பில் நிற்கிற பெட்டி கடிக்கிறது என்றாள். ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று முழங்கை வரை இழுக்கிறதாம். செட்டியார் டக் டக்கென்று போய்க் கதவைத் தொட்டார், உச்சியைத் தொட்டார், பிடியை ஆட்டினார். ஒன்றும் இல்லை. பொம்பளைகளுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்றார். காலில் இருந்த கட்டைதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அது தெரிந்துபோயிற்று. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர், படங்களுக்குப் பூப் போட்டார். பூஜை என்பதால் மிதியடியைக் கழற்றியிருந்தார். அப்படியே பெட்டிக்கும் சந்தனம் வைக்கலாம் என்று மூன்று விரலால் எடுத்து அப்பினார். அடுத்த நிமிஷம் சந்தனக் கிண்ணம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தரையில் உட்கார்ந்தபடி ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆத்தா வந்துட்டா" என்றார்.

தனலட்சுமி முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். அப்புறம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: பச்சை ஒயரைப் பூமியோடு சேர்க்காமல் இந்தச் சாதனத்தை ஓட்டக் கூடாது. எழுந்து போய் அதை மாமனாருக்குப் பொறுமையாக விளக்கினாள். உள்ளே எங்கேயோ கரண்டு கசிந்து தகரத்துக்கு வருகிறது, போக வழியில்லாததால் தொடுகிறவர்கள் வழியாகப் பூமிக்கு இறங்குகிறது என்றாள். அவர் காதில் அது ஏறவில்லை. அறுபத்துநாலு வருஷத்தில் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறார், எந்தச் சாமியும் அவரைத் தொட்டுப் பேசியதில்லை. இப்போது ஒன்று வீடு தேடி வந்திருக்கும்போது அதை ஒரு ஒயருக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி நான்கு தெரு தாண்டிவிட்டது. பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். பிடியில் வேப்பிலை செருகினார்கள். யாரோ ஒருத்தி சிவப்புச் சேலையைப் பெட்டியின் இடுப்பில் சுற்றினாள். வரிசையாகத் தொட்டார்கள், சுருக்கென்றதும் கையை இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொட்டும் ஒன்றும் உணராதவர்களைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். தனலட்சுமி பிளக்கைப் பிடுங்கி வைத்தால், செட்டியார் கூட்டம் வரும் நேரம் பார்த்துச் சொருகிவிடுவார். பீஸ் கட்டையை எடுத்தாள். அவர் வேறு ஒன்று வரவழைத்து வைத்திருந்தார். நாகராசுவுக்கு இரண்டு தடவை சொல்லியனுப்பினாள். திருவிழாவுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், உடைத்த தேங்காய்த் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது. பொன்னுத்தாய் குந்தி உட்கார்ந்து துடைத்தாள். ஏழெட்டுப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். துடைத்து முடித்து எழும்போது, ஊன்றிக்கொள்ள வசதியாக இருந்ததென்று அவள் பெட்டியின் பிடியைப் பற்றினாள். பற்றிய கை விடவில்லை. பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றாள். பல் கிட்டியிருந்தது, சத்தம் வரவில்லை. நின்றிருந்த பெண்கள் அருள் வந்திருக்கிறது என்று நினைத்துக் கைகூப்பினார்கள்.

நடையில் வந்துகொண்டிருந்த தனலட்சுமிக்கு அந்த விரல்களைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. செட்டியார் பொன்னுத்தாயைத் தூக்க ஓடினார், வெறுங்காலோடு. தனலட்சுமி குறுக்கே புகுந்து அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரெதிரே உட்கார்ந்துகூடப் பேசியதில்லை அவள். அவர் போய்த் தூணில் சாய்ந்தார். அவள் சுவரோரமாகப் பாய்ந்து, ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளக் தெறித்து வந்தது. பொன்னுத்தாய் சரிந்து விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து, கைகாலைத் தேய்த்து, கண் திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளங்கையில் பிடியின் அச்சு வெந்து பதிந்திருந்தது. அவள் பேசிய முதல் பேச்சு: "ஆச்சி, இந்த ஆத்தா எனக்கு வேணாம்."

தனலட்சுமி எழுந்து சிவப்புச் சேலையை உருவினாள், வேப்பிலையைப் பிய்த்தாள், எலுமிச்சம்பழத்தையெல்லாம் வாரி ஒரு கூடையில் போட்டாள்.

"இதுக்குள்ள இருக்கது கரண்டு," என்றாள் அந்தப் பெண்களிடம். "அம்மன் கோயில் தெரு முனையில இருக்கு. அங்கிட்டுப் போங்க."

டாக்டர் வந்து நெஞ்சைப் பார்த்து, பிழைத்தது அதிர்ஷ்டம், ஒரு வாரம் படுத்திருக்கட்டும், கொஞ்ச நாளைக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். அடைக்கப்பச் செட்டியார் பொன்னுத்தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் இன்னொருவருக்கு விசிறி யாரும் பார்த்ததில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகளைப் பார்க்காமலே சொன்னார்:

"பொன்னுத்தாய் சொன்ன அன்னைக்குத் தொட்டப்ப எனக்கு ஒண்ணும் தெரியலை ஆத்தா. மிதியடி போட்டிருந்தேன்."

"இப்பத் தெரியுதுல்ல மாமா, அது போதும்," என்றாள் அவள். அதற்கு மேல் எதுவும் சொல்லியிருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். யார் மேல் கோபம் என்றும் அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் செட்டியாரே திருமயம் போனார். சாரத்தில் நின்று விளக்குக் கட்டிக்கொண்டிருந்த நாகராசுவை இறக்கிக் கையோடு கூட்டிவந்தார். நாகராசு பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் வேலையில் குறை இல்லை, சீமைச் சாமான் அப்படித்தான் கொஞ்சம் இருக்கும் என்றான். தனலட்சுமி பிளக்கைச் சொருகினாள். ஒரு செம்புத் தண்ணீரைப் பெட்டியின் முன்னால் தரையில் ஊற்றினாள்.

"செருப்பக் கழட்டிட்டு, இந்த ஈரத்துல நின்னு, கதவத் தொட்டுக் காமிங்க."

நாகராசு தண்ணீரைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்க ஆச்சி."

"பொன்னுத்தாய்க்கும் இருக்கு."

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை இழுத்து, பின்பக்கம் குனிந்து பார்த்தான். தினமும் சுவரோடு சேர்த்துத் தள்ளியதில், தகர விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஒயர் நசுங்கி, ரப்பர் கிழிந்து, செம்பு பளிச்சென்று தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. செட்டியார் கொள்ளுத்தாத்தா படத்தில் மாலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

ஒயரைப் புதிதாக மாற்றினான். ஆனால் பச்சை ஒயரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வீட்டில் இடமே இல்லை. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அரிசி மில்லுக்கு இரண்டு எர்த் குழி போட்டுக் கொடுத்திருக்கிறான், வீட்டுக்கு யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஆளுயரக் குழி வெட்டச் சொன்னான். நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார்கள். கரிக்கூடையைச் செட்டியாரே தூக்கி வந்தார், அவர் வெள்ளை வேட்டி பாழாய்ப் போயிற்று. குழாயிலிருந்து முகப்பு வரை தனியாகக் கம்பி இழுத்து, சுவரில் மூன்று ஓட்டைப் பலகை வைத்தான் நாகராசு. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தனலட்சுமி இரண்டு செங்கல்லை வைத்தாள், இனி தள்ள முடியாதபடி.

பூமி பிடிக்கிறதா என்று பார்க்க நாகராசு ஒரு பல்பை எடுத்தான். ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையைக் குழிக் கம்பியிலும் வைத்தான். பல்பு பளீரென்று எரிந்தது. செட்டியார் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, மண்ணு வெளக்கெரிக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பொன்னுத்தாய் வேலைக்கு எழுந்து வந்தபோது, தனலட்சுமி ஈரக் காலோடு நின்று, ஈரக் கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, நூறு எண்ணும் வரை காட்டினாள். ஆச்சி சொன்னால் சரிதான் என்ற பொன்னுத்தாய், கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். அதைத் தனலட்சுமி தடுக்கவில்லை.

குழி எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், வாரம் இரண்டு தடவை நாலு குடம் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்து உபயோகமில்லாமல் போகும் என்று நாகராசு சொல்லிவிட்டுப் போயிருந்தான். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியது. பொன்னுத்தாய் குடம் தூக்கக் கூடாது. தனலட்சுமிக்கு இடுப்பு விட்டுப்போனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை பழைய பெண்களில் நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பெட்டியைத் தொட்டார்கள், ஒன்றும் இல்லை. ஆத்தா எங்கே போனாள் என்று செட்டியாரிடம் கேட்டார்கள். அவர் மருமகள் காதில் விழாதபடி, கிணற்றடிப் பக்கம் கை காட்டினார்.

"கீழ எறங்கிட்டா."

தனலட்சுமி சத்தம் கேட்டுப் பின்கட்டுக்கு வந்தபோது, ஒருத்தி குழாய்க்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வரிசையாக நின்று குடம் குடமாக ஊற்றினார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஊறிக் கறுத்துக் கிடந்த குழியைப் பார்த்தாள். எட்டுக் குடமாவது ஆகியிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். பால் ஊற்றக் கூடாது, எறும்பு வரும், குழாயையும் கம்பியையும் யாரும் தொடக் கூடாது, தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆடிக்குள் ஊரில் கரண்டு இருந்த வீடுகளில் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்கள் நாகராசுவைக் கூப்பிட்டு, தங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு எர்த்தம்மன் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வீடுகளில் ரெப்ரிஜிரேட்டர் கிடையாது, ரேடியோவும் விளக்கும்தான். நாகராசு சங்கடத்தோடு வந்து, என்ன செய்வது என்று தனலட்சுமியைக் கேட்டான். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், கம்பியை வீட்டுக்குள் இழுத்து எல்லாச் சாமானுக்கும் சரியாகச் சேர்த்துக் கொடு, குழியை ஆளுயரத்துக்குக் குறையாமல் வெட்டு என்று அவள் சொல்லியனுப்பினாள்.