நாலு லோடு நல்ல மண்

அண்ணனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

செம்புச் சுரங்கத்தை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதன் கழிவுமேட்டில் புல் பூண்டுகூடத் தலைகாட்டாது. ஒருவகை வெள்ளைப் பூச்செடி மட்டும் அந்த விஷ மண்ணில் ஜம்மென்று வாழ்ந்தது. தங்கை தாவர ஆராய்ச்சிக்காரி. வருஷக்கணக்காக அதன் பின்னால்தான் அலைகிறாள். மேட்டைச் சமன்செய்ய வந்த என்ஜினீயரோ அவளுடைய சொந்த அண்ணன்.

"ஆத்தோரம் இதே பூ மண்டிக் கிடக்கே, இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டவரிடம் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசினாள். ஆற்றோரச் செடிக்கு இன்னொரு செடியின் மகரந்தம் வராவிட்டால் காய் பிடிக்காது. மேட்டுச் செடி முந்திப் பூத்து, தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஆற்றோரத்தோடு கலக்காததால்தான் விஷத்தைத் தாங்கும் குணம் கலையாமல் நிற்கிறது. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேட்டில் ஒரு பகுதியை விட்டுவைப்பதாக வாக்கும் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றினார். அதுதான் கொடுமை.

மழைக்காலம் முடிந்து அவள் வந்து பார்த்தால், மற்ற இடமெல்லாம் சமனாகிக் கிடக்க, விட்டுவைத்த பகுதியைச் சுற்றிலும் வேலி, உள்ளே நாலு லோடு எருமண், அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புல்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்கண்ணா!"

"கட்டாந்தரையில கிடந்து வாடுதேன்னுதான். செடி மேல படாம, சுத்திச் சுத்திதான் கொட்டச் சொன்னேன்."

"கெட்ட மண்ணுலதான் அதுக்குப் புல்லோட போட்டி கிடையாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல வாங்கினீங்களா?"

"வாங்கினேம்மா. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் மண்டியிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டே போனாள். அடியில் பூச்செடிகள் எல்லாம் மஞ்சளித்து அழுகிக் கிடந்தன. எருமண் எட்டாத வேலி மூலையில், வெறுந்தரையில், ஒன்றே ஒன்று நின்றது.

"ஒத்தையா நின்னு இது என்ன பண்ணும்?" என்றார் அண்ணன்.

"இதுக்குத் துணை வேண்டாம். தானே காய்க்கும். புல்லையும் எருவையும் அள்ளிட்டா இந்த இடம் மறுபடி நிறைஞ்சிடும்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. நிறையும்தான். நெட்டை, குட்டை, சீக்கிரம் பூப்பது, தாமதமாகப் பூப்பது என்று எத்தனையோ குடும்பங்கள் இருந்த இடத்தில் இனி எல்லாமே இந்த ஒன்றை உரித்து வைத்ததுபோல்தான் இருக்கும்.

அண்ணன் மெல்லக் குனிந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார்.

"மூடுங்கண்ணா," என்றாள். "இது மேல பாசம் மட்டும் வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."